ஊருக்குப் போயிருக்கா சார்

என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான். மதராஸ் போகிற ரயில்.

அவர் பெயர் தனசீலன். தாராவியில் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழ் நாலாம் வகுப்பு வாத்தியார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கத்தரிக்காய்க்காரன் கண்ணெதிரே சொத்தையை எடுத்துத் தராசில் போட்டாலும், 'பரவாயில்லை' என்று வாங்கி வந்துவிடுவார். ஆனால் பள்ளிக்கூடம் நடக்கிற காலத்தில் யாரோ பிள்ளையை ஊருக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தாராவித் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. பதனிட்ட தோலை வெயிலில் காயப் போட்டுத்தான் ஆக வேண்டும். மே மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். அதனால் அப்போது ஒருவருக்கும் லீவு கிடையாது. ஜூன் நடுவில் மழை பிடிக்கும். தோல் காயாது. 'மழை வெறிச்சப்புறம் வாங்கடா' என்று முதலாளி அனுப்பிவிடுவார். ஆட்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருநெல்வேலிப் பக்கம் ரயில் ஏறுவார்கள். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே மழையில்தான். பிள்ளைகளுக்கு மே மாதத்தில் லீவு, அப்பன்மாருக்கு மழையில் லீவு. இப்படி எதிரும் புதிருமாக வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. வாத்தியாருக்குப் பெண் கொடுத்தவனாக மட்டும் இருக்க முடியாது.

ஜூலை வந்துவிட்டால் வகுப்பில் பெயர் கூப்பிடுவதே ஒரு கூத்து. இவர் ஒரு பெயரைச் சொல்வார். பதில் வராது. மிச்சமிருக்கிற பிள்ளைகள் ஒரே குரலில் ராகம் போட்டுச் சொல்லும்: "ஊருக்குப் போயிருக்கான் சார்!" அடுத்த பெயர். "ஊருக்குப் போயிருக்கா சார்!" குழாயடியில் நிற்கிற எனக்குக் கேட்கும். குழாயடியில் மற்ற பெண்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய?

மழை விட்டுத் திரும்பி வருகிற பிள்ளைகளுக்குக் கிணற்றில் குதிக்கத் தெரிந்திருக்கும், பனங்காய் வண்டி ஓட்டத் தெரிந்திருக்கும், வாய்ப்பாடு மட்டும் மறந்திருக்கும். இவர் அடிக்க மாட்டார். வந்த அன்று முதல் பீரியட் முழுவதும் வகுப்பு வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் நின்றே பாடம் கேட்க வேண்டும். அதுதான் தண்டனை. மறந்த வாய்ப்பாட்டை ஏற்றுவதற்கு அடுத்த மே மாதம் எங்கள் வீட்டிலேயே தனி வகுப்பு. ஆகவே மே மாதத்தில் எங்களால் ஊருக்குப் போக முடியாது. மழைக்காலத்தில் போகவே முடியாது. பம்பாயிலேயே ஊருக்குப் போகாத திருநெல்வேலிக் குடும்பம் நாம்தான் என்று நான் எரிச்சலில் சொன்னால், அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டுவார்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் குடையை எடுத்துக்கொண்டு, வரிசை வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள அந்த மாடிக் கட்டடங்களில், சால் சாலாக ஏறி இறங்குவார். ஒவ்வொரு அப்பனிடமும், 'பிள்ளையைக் கொண்டு போக மாட்டேன்' என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்குவார். அவர்களும் தாராளமாக அடித்துக் கொடுப்பார்கள். கை என்ன தேய்ந்தா போகும்? எங்கள் எதிர் சாலில் இருந்த ஷேக் பரீத் போன வருஷம் சத்தியம் செய்துவிட்டு மறு வாரமே குடும்பத்தோடு மேலப்பாளையம் போய்விட்டார். திரும்பி வந்ததும் இவர் பிடித்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணது நான்தான் சார், இல்லைன்னு சொல்லல," என்றார் பரீத், மிகவும் பணிவாக. "ஆனா டிக்கெட் எடுத்தது என் மச்சான்லா?"

இந்தக் கதை எல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, சேசம்மாளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரையில்.

சேசம்மாள் என் தங்கை. எங்கள் அம்மா போகும்போது அவள் தவழ்கிற பிள்ளை. நான்தான் வளர்த்தேன். நான் பிரசவத்துக்கு எங்கள் ஊர் வடக்கன்குளம் போனபோது என் மகள் ஜெசிந்தாவைத் தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தவள் அவள். அப்போது பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

சீனாச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தார். அவருக்கு லீவு ஜூலையில்தான் கிடைத்தது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சாமியாரிடம் சொல்லியாயிற்று, அக்கா வந்து சேலை கட்டிவிட்டால்தான் வாசலைத் தாண்டுவேன் என்று சேசம்மாள் சொல்கிறாள், ஜெசிந்தா மெழுகுதிரி பிடித்து அவளுக்கு முன்னால் நடக்க வேண்டுமாம் என்று அப்பா எழுதியிருந்தார். நான் அன்று அடுப்பில் வைத்த குழம்பைத் தீய விட்டேன். சந்தோஷத்தில் அல்ல. ஜூலை என்ற சொல்லையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாப்பிட்டு முடிக்கும் வரையில் பொறுத்திருந்து சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, பிறகு மாதத்தைக் கேட்டதும் வாடியது.

"வகுப்பில ஒரு பிள்ளை இருந்தாக்கூட நான் இங்கன இருக்கணுமே மேரி," என்றார்.

"ஒரு பிள்ளைகூட இல்லைன்னா?"

"அப்ப நான் யாருக்குப் பாடம் எடுக்க? தாராளமா வாரேன்."

"சரி, நீங்க வர வேண்டாம். நானும் ஜெசிந்தாவும் போறோம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை. "வாத்தியார் மகளே பள்ளிக்கூடத்தை விட்டுட்டு ரயில் ஏறினா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இன்னொருத்தர் வீட்டு வாசல்ல போய் நிப்பேன்? நீ போயிட்டு வா. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று இந்த மனிதருக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஜடை பின்னச் சொன்னால் மூட்டை கட்டுவது மாதிரி கட்டுவார். அதெல்லாம் இருக்கட்டும். சேசம்மாள் முன்னால் அந்தப் பிள்ளை இல்லாமல் நான் போய் நிற்பதா? நான் பேசவில்லை. பாத்திரங்களைப் பேசவிட்டேன். அந்தச் சத்தம் பக்கத்துச் சால் வரைக்கும் போயிருக்கும்.

ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு பிள்ளைகூட இல்லையென்றால் வருகிறேன் என்றாரே. ஒரு பிள்ளைகூட இல்லாமல் செய்துவிட்டால்?

மறுநாளிலிருந்து அவர் காலையில் வாங்கிய சத்தியங்களை நான் மத்தியானத்தில் கரைக்கக் கிளம்பினேன்.

முதலில் எதிர் சாலுக்குப் போனேன். பரீத் பெண்டாட்டி நூர் நிஷா எனக்கு நல்ல சிநேகிதி. அவள் மகள் அக்தர் பானுவும் என் ஜெசிந்தாவும் இவர் வகுப்பில் ஒரே பெஞ்சு. போய் உட்கார்ந்ததும் டீ போடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். போட்டுக் கொண்டு வந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சாலில் இருந்த மராட்டிப் பெண்கள் ஒருமுறை சாய் வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். நாம் தாகத்தோடு திரும்பி வர வேண்டியதுதான். எங்கள் பக்கத்து ஆட்களிடம் அப்படி இல்லை. வேண்டாம் என்று சொல்வது மரியாதை. அதைக் கேட்காமல் கொண்டு வந்து வைப்பது அதைவிட மரியாதை. இதை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். அன்றைக்கு மட்டும் மறந்து தொலைத்தேன்.

"எப்பம் கிளம்புதீங்க நூரு?" என்றேன்.

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வார புதன்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாச்சு. சாருக்குத் தெரியாதுல்லா?"

"தெரியாது. எங்க சேசம்மாளுக்குக் கல்யாணம்."

"அல்லா! எப்பம்?"

"வார மாசந்தான். சார் பிள்ளைய அனுப்ப மாட்டேங்காரு. எல்லாரும் பிள்ளையளக் கூட்டிட்டுப் போறதில அவருக்குக் கோவம். நான் எப்படிப் போக?" அழக் கூடாது என்று நினைத்தேன். குரல் சொன்னபடி கேட்கவில்லை. "நான் கிடக்கேன் விடு. எங்களைப் பத்தி நீங்க யோசிக்காதீங்க. சந்தோசமா போயிட்டு வாங்க. எல்லாரும் போங்க. ஒருத்தர்கூட இருக்க வேண்டாம்."

நூர் நிஷா என்னையே பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மனசைப் போட்டு அலட்டாதீங்கக்கா," என்றாள்.

வகுப்பை முழுசாகக் காலி செய்ய ஒரு வீடு போதாது. பின் சந்தில் முருகம்மாள் வீட்டுக்குப் போனேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இருந்த வீடுகளுக்கெல்லாம் போனேன். எல்லா வீட்டிலும் இதே பேச்சு, இதே டீ. போங்க, தாராளமாகப் போங்க, எங்களுக்காகப் பார்க்காதீங்க. வயிறு நிறைய டீயோடு வீடு திரும்பி, டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டி வைத்தேன்.

ஜூலை முதல் திங்கட்கிழமை அடை மழை. அப்படிப்பட்ட மழையில் சாதாரணமாகவே பாதி வகுப்பு வராது. நான் சோற்றை வடித்துக்கொண்டே அந்த ராகத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தேன். 'ஊருக்குப் போயிருக்கான் சார்' எத்தனை முறை வருகிறது என்று பார்க்க வேண்டுமே. ஒன்றும் கேட்கவில்லை. ஜெசிந்தாவைத் தவிர ஒருத்தருமே இல்லை போலிருக்கிறது, ராகம் போடக்கூட ஆள் இல்லை என்று எனக்கு ஒரே குதூகலம்.

சாயந்திரம் அவர் தொப்பலாக நனைந்து வந்தார். கையில் ஜிலேபிப் பொட்டலம். ஜிலேபி! எங்கள் கல்யாணமான பிறகு அவர் தானாக ஓர் இனிப்பு வாங்கி வந்தது அன்றைக்குத்தான்.

"மேரி," என்றார். "எல்லாரும் வந்திருக்காங்க."

"எங்க?"

"வகுப்புக்கு! ஒருத்தர் பாக்கி இல்ல. நான் கூப்பிட்ட பேருக்கெல்லாம் ஆள் எந்திரிச்சு நிக்காங்க. ரெண்டாவது தடவையும் கூப்பிட்டுப் பாத்தேன். அப்பவும் நிக்காங்க. இத்தனை வருசம் ஒவ்வொரு படியா ஏறி இறங்கினது வீண் போகல மேரி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் கண்ணீரைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. வாத்தியார் பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது போல என் வாயில் ஒரு ஜிலேபியை வைத்தார். அதை மென்று விழுங்குவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே.

மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போனதும் நேரே நூர் நிஷாவிடம் போனேன். அவள் கட்டியிருந்த மூட்டைகளைப் பிரித்து, அக்தர் பானுவின் புதுச் சட்டையை மடித்து மறுபடியும் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பிக்கு அப்போதுதான் முதல் பிள்ளை பிறந்திருந்தது. அதற்கென்று பின்னிய உல்லன் தொப்பியும் அங்கே கிடந்தது.

"என்ன நூரு இது? போகலியா?"

அவள் சிரித்தாள். தான் செய்த காரியத்தை மறைக்க முடியாத சிரிப்பு. "அவுக மட்டும் போறாக. நானும் பிள்ளையும் இருக்கோம். நான் மட்டும் இல்லக்கா, முருகம்மாளும் இருக்கா, எல்லாரும் இருக்கோம். அன்னைக்கு நீங்க போன பிறகு நாங்க பேசிக்கிட்டோம். நாங்க பிள்ளையளக் கூட்டிட்டுப் போறதாலதான சாருக்குக் கோவம்? ஒரு மழைக்கு நாங்க போகலைன்னா என்ன? சார் மனசு இறங்கி உங்களையும் ஜெசிந்தாவையும் அனுப்பிருவாருல்லா?"

"உங்களைப் போகத்தான நூரு சொன்னேன்!"

"சொன்னீங்க. தங்கச்சி கல்யாணத்துக்குப் போக முடியாம நிக்கீங்க, அப்பவும் எங்களைப் போயிட்டு வாங்கன்னீங்க பாருங்க, அந்த மனசுக்காகத்தான் இருந்துட்டோம்."

எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, முதுகில் நாலு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. வகுப்பு நிறைந்தால் அவர் நகர மாட்டார் என்பதை இவளிடம் எப்படிச் சொல்வேன்? தம்பி பிள்ளையைப் பார்க்கப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் எனக்காக. நீ கெடுத்துவிட்டாய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டீ போடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். குடித்துவிட்டு வந்தேன்.

வகுப்பில் அன்று நடந்ததை ஜெசிந்தாதான் சொன்னாள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, முன் பெஞ்சிலிருந்த அக்தர் பானுவைப் பார்த்து, "இந்த வருசம் ஏன் ஊருக்குப் போகல? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு," என்றிருக்கிறார். படிப்பின் அருமையைப் பற்றி ஏதாவது வரும் என்று காத்திருந்திருக்கிறார்.

அவள் எழுந்து நின்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். "நாங்க எல்லாரும் ஸ்கூலுக்கு வந்தா சார் ஜெசிந்தாவைக் கல்யாணத்துக்கு அனுப்புவாருன்னு உம்மா சொல்லிச்சு சார்."

அன்று சாயந்திரம் அவர் நனையாமல்தான் வந்தார். ஆனால் நனைந்த மாதிரி இருந்தார். மிச்சமிருந்த ஜிலேபியைத் தள்ளி வைத்தார்.

"நீ போய் அவங்ககிட்ட கேட்டியா மேரி? பிள்ளையள நிறுத்துங்கன்னு?"

அவ்வளவுதான், எனக்குப் பொறுமை போய்விட்டது. "நிறுத்தவா சொன்னேன்? எல்லாரும் போங்கன்னு சொன்னேன்! ஒருத்தர்கூட இருக்காதீங்கன்னு ஒவ்வொரு வீடா ஏறிச் சொன்னேன். வகுப்பு காலியானாதான நீங்க அசைவீங்க? நீங்க காலையில ஏறின படிதான், நான் மத்தியானம் ஏறினேன். அந்த மகராசிங்க மரியாதைக்குச் சொல்லுதேன்னு நினைச்சு இருந்துட்டாங்க!"

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் என்னை அப்படி முழுசாகப் பார்த்ததில்லை. பிறகு அவர் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரிக்கிறார்! சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சத்தமில்லாமல் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூரையில் ஒழுகிய இடத்தையே பார்த்தார். அடியில் நான் வைத்த கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"ஆக, நான் ஏறி இறங்கினதுக்காக ஒருத்தரும் வரல," என்றார்.

பாவமாக இருந்தது. "ஜிலேபி நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன்.

"இத்தனை பேரு ஊருக்குப் போகாம உக்காந்திருக்கும்போது நான் நகரக் கூடாது. வகுப்பை நடத்தணும்." தள்ளி வைத்த ஜிலேபியை மறுபடியும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "ஆனா இத்தனை வீட்டுல பிள்ளைய நிறுத்தி வச்சிருக்காங்க. என் ஒரு பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன்னா நான் என்ன மனுசன்? பெட்டியைக் கட்டு. ஜெசிந்தாவும் போகட்டும்."

"நீங்க?"

"உப்பு எந்த டப்பான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

நூர் நிஷாவுக்கும் அக்தர் பானுவுக்கும் எடுத்த டிக்கெட்டைப் பரீத் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதிலேயே நாங்கள் போவது என்று ஆயிற்று. பரீத்தே திருநெல்வேலி வரை துணை.

புதன்கிழமை தாதர் ஸ்டேஷனில் ஏறினோம். கம்பெனி ஆட்கள் நிறையப் பேர் அந்தப் பெட்டியில் இருந்தார்கள். ஒருவரோடும் பிள்ளை கிடையாது. பெட்டியில் இருந்த ஒரே தாராவிப் பிள்ளை வாத்தியார் மகள்தான். ஆளுக்கு ஒரு பக்கம் இடம் விட்டு, ஜன்னல் ஓரத்தில் அவளை ராணி மாதிரி உட்கார வைத்தார்கள். பரீத் அவளுக்குப் பட்டாணி வாங்கிக் கொடுத்துவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"சத்தியத்தை மீறிட்டேன்னு இந்தத் தடவை ஒருத்தர் என்னைச் சொல்ல முடியாதுக்கா. எங்க பிள்ளையளக் கொண்டு போகக் கூடாதுன்னுதான சார் கையில அடிச்சு வாங்கினாரு? சார் பிள்ளையக் கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லவே இல்லையே!"

பெட்டியே சிரித்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. கல்யாண் ஸ்டேஷன் தாண்டியதும் என் காதருகே வந்து, "எம்மா, நான் திரும்பி வந்ததும் வாசலுக்கு வெளிய நிக்கணுமா?" என்றாள். வழியெல்லாம் அவளுக்கு அதுதான் கவலை.

சேசம்மாள் என்னைவிட ஒரு விரல் உயரமாக வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சேலை கட்டிவிடும்போது கொசுவத்தை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். ஜெசிந்தா மெழுகுதிரியை அணையாமல் பீடம் வரைக்கும் கொண்டு போனாள். அந்த நிமிஷத்தில் எனக்கு நூர் நிஷாவின் ஞாபகம்தான் வந்தது. மடித்து வைத்த புதுச் சட்டை, அந்த உல்லன் தொப்பி. என் தங்கை கல்யாணத்தை எனக்குக் கொடுத்தது அவள்தான் என்று கோயிலிலேயே நினைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள், "மருமகன் எங்க, மருமகன் எங்க?" என்று துளைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்றேன். "இந்த மழையிலயா? பிள்ளையள் வருமா?" என்றார் அப்பா. எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

திரும்பும்போது மேலப்பாளையத்தில் இறங்கி நூர் நிஷாவின் தம்பி பிள்ளையைப் பார்த்தேன். பரீத் கொண்டு போயிருந்த தொப்பி அதன் தலையில் கண்ணையும் மறைத்துக்கொண்டு கிடந்தது. எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். மூக்கு யார் மாதிரி, நிறம் எப்படி, அழுதால் எப்படி அழுகிறது. தாராவியில் அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதுதான் பேச்சு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்தர் பானுவுக்குத் தன் செய்தியைச் சொல்லாமல் இருப்புக்கொள்ளவில்லை. "மாமி, நீங்க போன மறுநாள் சார் பேர் கூப்பிட்டாரு. எல்லாரும் எந்திரிச்சோம். ஜெசிந்தா பேரையும் கூப்பிட்டுட்டாரு, மறந்தாப்ல. நாங்க சும்மா இருப்போமா? எல்லாரும் சேந்து சொன்னோம்."

என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சின்னக் கழுதை எழுந்து நின்று ராகத்தோடு சொல்லியே காட்டினாள். "ஊருக்குப் போயிருக்கா சாஆஆர்! தினம் சொன்னோம் மாமி. சாரும் தினம் கூப்பிட்டாரு."

மறுநாள் காலையில் நானே ஜெசிந்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நூர் நிஷாவும் குடையோடு கூட வந்தாள். வேடிக்கையை விட அவளுக்கு மனசில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா யாரும் சொல்லாமலே போய் வகுப்பு வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் நின்றாள். உள்ளே அவர் பெயர் கூப்பிட்டு வந்தார். ஜெசிந்தா என்றார். "உள்ளேன் சார்," என்றாள் வெளியிலிருந்து.

அவர் திரும்பிப் பார்த்தார். "உள்ள வா."

"ஊருக்குப் போயிட்டு வந்தா வெளியதான் நிக்கணும் சார்."

எல்லாப் பிள்ளைகளும் அவர் முகத்தையே பார்த்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீயாவா போனே? அனுப்பினது யாரு?"

ஜெசிந்தா பதில் சொல்வதற்குள் வகுப்பே கத்தியது. "நீங்கதான் சார்!"

"அப்ப நீ உள்ள போய் உக்காரு," என்றார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அவள் நின்ற இடத்தில் தான் நின்றுகொண்டார். தகரம் அங்கேதான் ஒழுகும். தோளில் சொட்டச் சொட்ட, வாசலுக்கு வெளியே நின்றபடியே பாடத்தை ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

நூர் நிஷா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏக்கா, மத்தவங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. உங்க வீட்டுக்காரரு போகாமலே நிக்காரே!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தால், அது உண்மைதான் என்று பட்டது. இத்தனை வருஷமாக அந்த மனிதரும்தான் ஊரைப் பார்க்கவில்லை.

"அடுத்த மழைக்கு அவரும் போயிட்டு வந்தே நிக்கட்டும்," என்றேன். "உன்னையும் அக்தரையும் கூட்டிக்கிட்டு எல்லாரும் ஒண்ணாப் போவோம் நூரு. சரியா?"

"சேச்சே, எங்களுக்காக என்னத்துக்குக்கா? வேண்டாம்," என்றாள் நூர் நிஷா.

வேண்டாம் என்று அவள் சொன்னதும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. பரீத்தின் மச்சானிடமே டிக்கெட் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.